உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு

விளாங்குடி,
ஜனவரி 19

அண்ணே,

நீ போனை வைத்த பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. என் எண்ணை மட்டும் தடுத்திருக்கிறாயா, எல்லோருடைய எண்ணையுமா என்று தெரியவில்லை. அப்பா போனிலிருந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். அதனால் கடிதம். நீ விளையாட்டு விடுதியில் படித்தபோது அங்கே போன் கூடாது என்று உனக்கு எழுதுவேனே, அந்த மாதிரி. பயிற்சி மையத்தின் முகவரி உன் பழைய பார்சல் அட்டையில் இருந்தது.

"நீதானடி சொன்ன" என்றாய். ஆமாம், என் வாயால்தான் போனது. ஆனால் அன்றைக்கு நீ வீட்டில் இல்லை. பட்வால் டிவியில் சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறாய். நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். பிறகு திட்டு.

டிசம்பர் கடைசியில் ரிங் ரோட்டில் ஒரு கிரிக்கெட் அகாடமியைத் திறந்துவைக்க அவர் மதுரை வந்தார். "பேயாண்டி வீடு பக்கத்துலதான் சார்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கார்கள் நம் தெருவில் வந்து நின்றன. அம்மா அப்போதுதான் பரவை மார்க்கெட்டில் காய் விற்றுவிட்டு வந்து, காலிச் சாக்கை வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். அப்பா கைலியிலிருந்து வேட்டிக்கு மாறுவதற்குள் அவர் உள்ளேயே வந்துவிட்டார். நம் நிலைப்படியில் அவருக்குக் குனிய வேண்டியிருந்தது. பத்தாவது படிக்கும்போது உன் கட்டிலுக்கு மேலே ஒரு படம் ஒட்டினாயே, பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நிற்கிற படம், அதே ஆள்தான். ஆட்டத்தை விட்டு டிவியில் பேச ஆரம்பித்த பிறகு வந்த தொப்பை மட்டும் புதிது. தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த அகாடமிக்காரர் வாசலில் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அப்பா என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினார். "பேசு புள்ள. பின்ன என்னத்துக்குப் படிச்ச?"

அவர் நல்ல விதமாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் மகனுடைய வேகம் கடவுள் கொடுத்தது, என்ன சாப்பாடு போட்டு வளர்த்தீர்கள் என்று கேட்டார். அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் வந்து ஒருவர் பிள்ளையை அப்படிப் புகழ்ந்தால் அவள் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். நீ பிறந்தபோது நாலு கிலோ. இப்போது கேட்டாலும் ரெண்டுகூட இல்லை என்றுதான் சொல்வாள்.

"அட ஏங்கய்யா நீங்க வேற. அவன் நோஞ்சான் பய. பொறந்ததுலருந்து சீக்குதான். ஒரு நா ஓடுனா ரெண்டு நா படுப்பான். அம்புட்டுத்தான் அவன் ஒடம்பு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிறந்ததிலிருந்து நோயாளி, ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் படுக்கை, அவ்வளவுதான் அவன் உடம்பு. இலக்கணப் பிழை வந்துவிடக் கூடாது என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. நம் தெருவில் யாரிடமாவது அம்மா இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். "ஆமா, நோஞ்சான்தான், ஸ்டம்ப ஒடைக்கிற நோஞ்சான்" என்றிருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, மெதுவாகத் தலையாட்டி, "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்கு என்னவோபோல் இருந்தது. அதற்குள் அப்பா பணியாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

முந்தாநாள் டிவியில் அவர் உட்கார்ந்து பேசியதை நீயும் பார்த்தாய். உனக்கு இரண்டு வருடத்தில் நான்கு காயம், தான் ஆடிய காலம் முழுவதும் முதுகுவலி என்று ஒரு போட்டியைக்கூட விட்டதில்லை என்றார். "நான் அவன் வீட்டுக்கே போனேன். பிறந்ததிலிருந்து நோயாளி என்று பெற்ற தாயே சொல்கிறாள். தாய்க்குத் தெரியாதா? கண்ணாடிச் சாமானை அலமாரியில் வைக்கலாம், நாட்டுக்காக ஆட வைக்கக் கூடாது" என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை அண்ணே. நிம்மதிதான் வந்தது. "சொல்லட்டும். ஊரு பூராச் சீக்காளின்னு சொல்லட்டும். இனி எவன் கண்ணும் எம்புள்ள மேல படாது" என்றாள்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் போனில் பேசாமல் இருந்தேன். நான் மறைக்கிறேன் என்று நீ நினைத்துவிட்டாய்.

வாணி


பெங்களூரு,
ஜனவரி 28

வாணி,

கடிதம் வந்தது. அலுவலகத்தில் இருப்பவர் அதைத் தூக்கிக் காட்டி, லவ் லெட்டர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். முன்பென்றால் சிரிப்பு வந்திருக்கும்.

போனை மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். உன்னை மட்டும் தடுக்கவில்லை. என்னென்ன படங்கள் வருகின்றன தெரியுமா? என் தலையை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அட்டைப்பெட்டிக்குள் என்னை உட்காரவைத்து, 'உடையும் பொருள், கவனம்' என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே கூட இருக்கிறவர்களும் சும்மா இல்லை. நான் நடந்தால் கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருத்தன், "பாத்து மாப்ள, ஃபேன் ஓடுது, காத்துல ஒடஞ்சிறாத" என்கிறான். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று சிரிக்கிறேன்.

அம்மா அப்படித்தான் சொல்லும். எனக்கு அம்மா மேல் கோபம் இல்லை. அம்மாவுக்கு அந்த ஆளின் பேச்சு தெரியாது, அந்த ஆளுக்கு அம்மாவின் பேச்சு தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்தவள் நீ ஒருத்திதான். "கண்ணு பட்டுவிடும் என்று இப்படிச் சொல்கிறார்கள் சார், இது எங்கள் வழக்கம்" என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பொம்பளைப் பிள்ளைக்குக் காலேஜ் எதற்கு என்று பெரியப்பா வீட்டில் சண்டை போட்டபோது உனக்காக நான்தான் நின்றேன். எதற்காக நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப்போவதில்லை.

வேறு எவன் சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த ஆள் பந்து போட ஓடிவருவதைப் பார்த்துத்தான் நான் ஓடப் பழகினேன். கட்டிலுக்கு மேலே இருக்கிற படத்தைக் கிழித்துப் போடு.

பிப்ரவரி 17 இந்தூரில் மாநில அணிக்கு அரையிறுதி. அது முடிந்த கையோடு வெளிநாட்டுத் தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்களாம். அங்கே போட்டுக் காட்டினால்தான் உண்டு. இந்தத் தடவை பெயர் வராவிட்டால் அப்புறம் யாரும் என்னைத் தேட மாட்டார்கள். பட்வால் சொன்னதே கடைசி வார்த்தையாக இருக்கும்.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

பேயாண்டி

அந்த ஆள் டிவியில் என்னை 'ஆண்டி' என்கிறார். ஒரு தடவைகூட முழுப்பெயரைச் சொல்லவில்லை.


விளாங்குடி,
பிப்ரவரி 3

அண்ணே,

படத்தைக் கிழிக்கவில்லை. அம்மா அதன் மேல் இந்த வருடத்துக் காலண்டரை மாட்டிவிட்டாள். காற்றடித்தால் அவருடைய ஷூ மட்டும் தெரிகிறது.

நீ கேட்ட அந்த ஒரு வரியைப் பற்றி எழுத வேண்டும். அதற்கான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். அவர் முன்னால் அது நாக்கு நுனிவரை வந்தது. நோயாளி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. கண்ணு படும் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. இன்னும் இதையெல்லாம் நம்புகிறவர்களா என்று அவர் நினைப்பாரோ என்று இருந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் சாக்குச் சொல்வதுபோல ஆகிவிடும்.

அம்மாவிடம் ஒரு மாற்றம். போன வாரம் கையில் மைக்கோடு ஒரு யூடியூப்காரர் வந்தார். "அம்மா, ஒங்க பையன் பொறவியிலேயே சீக்காளியா? ஒங்க வாயால ஒரு வாட்டி சொல்லுங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஜெயினம்பு அக்காதான் குடத்தோடு வந்து நின்றது. "ஏன்யா, பொம்பளைக தண்ணி புடிக்கிற எடத்துல மைக்கத் தூக்கிட்டு வாரீக? போய் அந்தப் பெரிய மனுசன் வீட்டுல கேளு, அவுக அம்மா என்ன சொல்லி வளர்த்தாகன்னு" என்று விரட்டிவிட்டது.

அப்புறம் ஜெயினம்பு அக்கா தன் போனில் அந்தத் தம்ளர் படத்தை அம்மாவுக்குக் காட்டியது. நான் தடுப்பதற்குள் காட்டிவிட்டது. "ஒம்புள்ளயத்தான் சோலையம்மா. ஒன் பேச்ச வச்சுத்தான் இம்புட்டும்" என்றது. அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எம்புள்ள சிரிச்சுக்கிட்டு எடுத்த போட்டோல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அன்றையிலிருந்து அவள் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மார்க்கெட்டில் எதிர்க்கடை இருளாயி அக்கா, "மகன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்டால் "இருக்காரு" என்கிறாளாம். அப்பா வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயிற்சி ஆட்டத்தை நெட்டில் காட்டினார்கள். நீ நன்றாகப் போட்டாய் என்று எழுதியிருந்தார்கள். நான் பந்தைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க நீ குனியவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்து, தொடையில் கையை ஊன்றி எழுந்தாய். பந்தைக் காலால் தட்டி மேலே எழுப்பிப் பிடித்தாய். எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிற முதுகுக்காரர்கள் கீழே விழுந்த டோக்கனை இப்படித்தான் எடுப்பார்கள். உனக்கு வலிக்கிறதா?

இதோடு ஒரு கண்மை டப்பா வருகிறது. அம்மா கொடுத்தாள். நீ முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடியபோது வைத்தாயே, அதே இடம், இடது உள்ளங்கால். வைப்பாயோ மாட்டாயோ, அனுப்பச் சொன்னாள்.

வாணி


பெங்களூரு,
பிப்ரவரி 8

வாணி,

உனக்கு எதற்கு அவ்வளவு கண்?

வலிக்கவில்லை. வலித்தால் எனக்குத் தெரியும், வலியோடுதான் இவ்வளவு நாளும் போட்டேன். இது மரத்துப்போகிறது. இடது கால், கெண்டைக்காலிலிருந்து கீழே. முதலில் சுண்டுவிரல். இப்போது பாதத்தில் பாதி. நேற்று வராந்தாவில் நடந்துபோனேன். பின்னால் வந்த பையன் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "அண்ணே, இத விட்டுட்டுப் போறீங்க" என்றான். ஒரு காலில் செருப்பு இல்லாமல் பாதி வராந்தா நடந்திருக்கிறேன்.

பந்து போடும்போது கால் தரையில் ஊன்றியதா என்று தெரிய மாட்டேன் என்கிறது. ஊன்றியிருக்கும் என்று நம்பிப் போடுகிறேன். வேகம் குறையவில்லை. உடல்தகுதித் தேர்விலும் தேறிவிட்டேன். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். விரல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் அணியின் பிசியோ அசோக் நல்ல மனிதர். நம்ம பக்கம்தான், மேலூர். அவரிடம் சொன்னால் அவர் எழுதியாக வேண்டும். எழுதினால் மேலே போகும். மேலே போனால் அன்று சாயங்காலமே பட்வால் டிவியில் உட்கார்ந்துவிடுவார். என் உடம்பைப் பற்றி நான் உண்மை சொன்னால் அவர் ஜெயிக்கிறார். பொய் சொன்னால் நான் ஜெயிக்கலாம். ஐந்து நாள் ஆட்டம் ஒன்று. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

நீ ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள்தானே. இந்த மாதிரிக்கு என்ன எழுதுவீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது. அம்மா மேல் சத்தியம்.

மை வைத்தேன். விரல் பட்டது காலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் சரியான இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு இந்தூரில் தங்க வைத்திருக்கும் ஓட்டலின் முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பேயாண்டி


விளாங்குடி,
பிப்ரவரி 12

அண்ணே,

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு பேஷண்ட் போன்ல கேக்குறாரு சார்" என்றேன். முதுகெலும்பில் பழைய விரிசல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் என்றார். வலியைவிட இது மோசமாம். இப்படியே விட்டால் பாதம் தூக்க வராது, ஒண்ணுக்குப் போவதுகூடக் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம், அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்தாலும் திரும்பி வருமென்று சொல்ல முடியாது என்றார்.

"அவரு என்ன வேல பாக்குறாரு?"

"ஓடுற வேல சார்."

"டெலிவரியா? ஒடனே நிறுத்தச் சொல்லும்மா."

நானும் அதையேதான் சொல்கிறேன். நிறுத்து.

பட்வால் ஜெயிப்பார் என்கிறாய். ஜெயிக்கட்டும். அவர் நாளைக்கு இன்னொருவரைப் பற்றிப் பேசப் போய்விடுவார். நீ நம் வீட்டுப் படியேற வேண்டும்.

அம்மா மேல் சத்தியம் என்று நீ எழுதினாய். நான் செய்யவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நீயே அசோக் சாரிடம் சொல்லிவிடு. சொன்னால் பதினொரு பேரில் உன் பெயர் வராது. பெயர் வந்தால் நான் அவருக்குப் போன் செய்வேன். அப்பாவிடம் அவருடைய எண் இருக்கிறது. எனக்குப் போனில் பேச வராது, ஸ்கேன் சென்டரில்கூட மணி அடித்தால் தமிழ்வாணி எழுந்து போய்விடும் என்று கேலி செய்வார்கள். இருந்தாலும் செய்வேன்.

உனக்குக் கோபம் வரும். முன்னால் வந்ததைவிட அதிகமாக வரும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வாணி


விளாங்குடி,
மார்ச் 1

அண்ணே,

நீ எழுத மாட்டாய் என்று தெரியும். இதைப் படிப்பாயோ என்னவோ. இருந்தாலும், நடந்ததை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம்.

17ஆம் தேதி லீவு போட்டேன். காலையில் பெயர்களைப் போட்டார்கள். உன் பெயர் இருந்தது. உடனே அசோக் சாருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருப்பதாக வந்தது. ஆட்டம் நடக்கும்போது உடைமாற்றும் அறையில் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, காலையிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு அது தெரியாது. ஓட்டலுக்குப் போன் செய்தேன். இந்தியில் பேசினார்கள். நான் ஆங்கிலத்தில் பேசினேன். வைத்துவிட்டார்கள்.

அதற்குள் நீ போட ஆரம்பித்துவிட்டாய். முதல் ஸ்பெல்லில் மூன்று விக்கெட். தெருவே நம் வீட்டுக்குள் நின்றது. ஒவ்வொரு பந்துக்கும் எல்லோரும் ஸ்டம்பைப் பார்த்தார்கள். நான் உன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஊன்றியதும் நீ ஒரு நொடி கீழே குனிந்து பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் பார்த்தாய். அதைக் கோடு தாண்டிவிட்டதா என்று பார்ப்பதாக வர்ணனையில் சொன்னார்கள்.

பட்வால்தான் பேசிக்கொண்டிருந்தார். நான்காவது விக்கெட் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்ன உடம்பு! இரும்பு! இந்த நாட்டில் இப்படி இன்னொருவன் இல்லை" என்றார். சுற்றி இருந்தவர்கள் கத்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "என்னடி சொல்றாரு?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

அம்மா எழுந்துபோய் டிவியை நிறுத்திவிட்டாள். "ஏம்மா, ஏம்மா" என்று பையன்கள் கத்தினார்கள். அவள் அடுக்களைக்குப் போய் உப்பும் மிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து, இருட்டாக இருந்த அந்த டிவியை மூன்று சுற்றுச் சுற்றினாள். கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். வீடெல்லாம் நெடி. எல்லோரும் இருமினார்கள். நெடி வந்தால் கண்ணு இல்லை என்று அவள்தானே சொல்வாள். ஆனாலும் திரும்ப டிவியைப் போட விடவில்லை.

சாயங்காலம் ஆட்டம் முடிந்த பிறகுதான் அசோக் சார் எடுத்தார்.

"சார், நான் பேயாண்டி தங்கச்சி பேசுறேன்."

"சொல்லும்மா. இன்னைக்குப் பாத்தீங்களா? பய பின்னிட்டான்."

"அவனுக்கு எடது காலு மரத்துப்போகுது சார்."

அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் தட்டு வைக்கிற சத்தமும் கேட்டன.

"எம்புட்டு நாளாம்மா?"

"பத்து நாளைக்கு மேலயே. பாதி பாதம் தெரியல. அவனா சொல்ல மாட்டான்."

"நீ சொல்றது என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? நான் இத மறைக்க முடியாதும்மா. நாளைக்கு அவன் எறங்க முடியாது."

"தெரியும் சார்."

 போனை வைத்துவிட்டு, டிவி பக்கத்தில் சிதறிக் கிடந்த உப்பைப் பெருக்கினேன். யாரோ சொன்னதை நான் திருப்பிச் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் டிவியில் கீழே ஒரு வரி ஓடியது. முதுகுக் காயம், பேயாண்டி விலகல். அன்றைக்கே பட்வால், "ஜனவரியிலேயே சொன்னேன். நேற்று மனமிரங்கிப் பாராட்டினேன், ஓர் இரவுகூடத் தாங்கவில்லை" என்றார். ஆட்டத்தில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். வெளிநாட்டுத் தொடருக்கான பெயர்களும் வந்துவிட்டன. அதை நான் பார்க்கவில்லை. அப்பா பார்த்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். உன் பெயர் இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா பெங்களூரிலிருந்து சொன்னார். நீ இட்லி சாப்பிட்டாய் என்றார். என்னைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆள் புகழ்ந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மா நினைக்கிறாள். நான் அதை மறுக்கப் போகவில்லை. அவளுக்கு உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நான் போன் செய்ததையும் சொல்லவில்லை. அவள் இப்போது யார் கேட்டாலும் "நல்லா இருக்காரு" என்கிறாள். புகழ்வதும் இல்லை, நோஞ்சான் என்பதும் இல்லை. ஏதோ கவர்ன்மெண்ட் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன். யார் யாருடைய முதுகெலும்புகளையோ டைப் அடிக்கிறேன். பிழை வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருகிறேன்.

வாணி


பெங்களூரு,
மார்ச் 11

வாணி,

படித்தேன். அப்பா தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன் என்று போய்விட்டார். ஒரு டீக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அசோக் அண்ணன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.  என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எந்த வெரலப் புடிச்சிருக்கேன்?" என்றார். சுண்டுவிரல் என்றேன். கண்ணைத் திறந்தால் அவர் எதையும் பிடித்திருக்கவில்லை. நீ சொல்லிவிட்டாய் என்று அப்போது தெரிந்தது.

இன்னும் ஒரு நாள் போட்டிருந்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். இனிப் பந்து போட முடியுமா என்று கேட்டேன். முதலில் மாடிப்படி ஏறு என்றார்.

உனக்கு நன்றி எழுத வேண்டும் என்று அப்பா சொல்கிறார். வர மாட்டேன் என்கிறது. கோபமும் வரவில்லை. நீ எழுதிய மாதிரிதான், ஒன்றும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று நடந்தது. டாக்டர் ஊசி மாதிரி ஒன்றை வைத்துப் பாதம் முழுக்கக் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளங்காலில் அம்மாவின் மை அப்படியே இருந்தது. இந்தூரில் ஆட்டத்தன்று காலையில் புதிதாக வைத்தது. இது என்ன, மச்சமா, எத்தனை நாளாக இருக்கிறது என்று விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா என்றேன். கண் என்றேன். கெட்ட கண் என்றேன். அவர் ரொம்ப அக்கறையாக, உங்கள் அம்மாவுக்குக் கண்ணில் என்ன கோளாறு, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். நர்ஸ்கள் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. "நத்திங் சார், சும்மா மை" என்று விட்டுவிட்டேன். பஞ்சில் எதையோ தொட்டுத் துடைத்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரி எனக்கும் வரவில்லை.

பட்வால் அசோக் அண்ணனுடைய போனில் என்னைக் கூப்பிட்டார். நல்ல பையன், தைரியசாலி, ஒரு வருடம் ஓய்வெடு, டிவியில் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறேன் என்றார். ஒன்றும் சொல்லாதீர்கள் சார் என்றேன். நான் என்னவோ அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். காலண்டரை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

பெருவிரலில் மட்டும் போர்வை படுவது தெரிகிறது. மற்ற விரல்கள் இன்னும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள்.

சனிக்கிழமை அப்பாவோடு ரயிலில் வருகிறேன். நேற்று அம்மா போனில் பேசியது. "சாப்பிட்டீங்களா தம்பி" என்றது. யாரோ வீட்டு அம்மாவிடம் பேசுகிற மாதிரி இருந்தது. நானும் "சாப்பிட்டேங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் வந்தால் தெருவே வரும். ஜெயினம்பு அக்கா வரும், மார்க்கெட்டிலிருந்து வருவார்கள், மைக்கோடும் எவனாவது வருவான். எல்லோரும் அம்மாவிடம்தான் கேட்பார்கள். முன்னால் சொல்வது மாதிரியே சொல்லச் சொல். நோஞ்சான் பய, பொறந்ததிலிருந்து சீக்கு, ஒரு நாள் ஓடினால் ரெண்டு நாள் படுப்பான், ஒன்றையும் விட வேண்டாம். நான் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ அம்மா பக்கத்திலேயே நின்றுகொள். யார் கேட்டாலும் மொழிபெயர்க்காதே.

பேயாண்டி